கழிவெண்ணெயும் வணிக வாய்மையும்

பிறர் ஒருமுறை பயன்படுத்திய பொருளைத் தூய்மை செய்து மீண்டும் விற்கும் வணிகர், அப்பொருளின் முன்வரலாற்றை வாங்குவோரிடம் சொல்லியே ஆக வேண்டுமா? புதிய பொருளைப் போலவே அதுவும் உழைக்கும் என்றால், சொல்லாமல் விடுவது பொய்யாகுமா? ஏட்டளவில் பிறந்த வினாப் போலத் தோன்றினும், இது நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் என்ஜினுக்குள் ஊற்றப்படும் மசகு எண்ணெயைப் பற்றிய வினாவாகும். வாசக அன்பர்களில் வணிகர் உளர். வண்டி வைத்திருப்போர் மிகப்பலர் உளர். ஆதலின் விற்போர், வாங்குவோர் ஆகிய இருசாராரின் கடமையையும் இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

நான் வாழும் நல்லூர், திருப்பூரிலிருந்து காங்கயம் செல்லும் சாலையில் உள்ளது. தனி நகராட்சியாக இருந்து 2011இல் திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்த ஊர். பனியன் தொழிலை நம்பி வாழும் ஊராதலால் இங்குச் சக்கரங்கள் ஓய்வதில்லை. நூல் மூட்டையும் துணி உருளையும் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டிகள், கம்பெனிக்குச் செல்லும் ஆண், பெண் தொழிலாளரின் இருசக்கர வண்டிகள், மின்சாரம் நின்றவுடன் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர்கள் ஆகிய அனைத்துக்கும் குறித்த காலத்தில் எண்ணெய் மாற்ற வேண்டும். இருசக்கர வண்டிக்கு ஏறத்தாழ 1 லிட்டர், காருக்கு 3 அல்லது 4 லிட்டர், பெரிய லாரிக்கு 10 லிட்டருக்கும் மேல். புதிய எண்ணெய் தேன் நிறத்தில் உள்ளே செல்கிறது. பழையது மை போல் கறுத்து வெளியே வருகிறது. மெக்கானிக் அதனை ஒரு தட்டில் பிடித்துப் பேரலில் ஊற்றி வைக்கிறார். பேரல் நிறைந்ததும் ஒருவர் வந்து விலை கொடுத்து எடுத்துச் செல்கிறார். வண்டிக்கு உரியவர் புதிய எண்ணெயின் விலையைப் பற்றி வாதிடுவார். பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்கமாட்டார்.

அது செல்லும் வழிகள் பல. சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாதிருக்கக் கட்டட வேலை செய்வோர் பூசுகின்றனர். கரையான் அரிக்காதிருக்க மரக்கதவிலும் வேலிக்காலிலும் தடவுவோர் உண்டு. சில உலைகளில் அது எரிபொருளாகிறது. ஒரு பகுதி சாக்கடையிலும் மண்ணிலும் கொட்டப்படுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைகளுக்கு முறைப்படி செல்வதும் உண்டு. இன்னும் ஒரு வழி உள்ளது. கழிவெண்ணெயைத் தெளியவைத்து, வடிகட்டி, நிறத்தை மட்டும் வெளுக்கச் செய்து, புதியது போன்ற தோற்றத்துடன் டின்னில் அடைத்து விற்பதே அது. இறுதியில் கூறிய இவ்விரு வழிகளின் வேறுபாட்டை அறியாதவரை மேலே எழுப்பிய வினாவுக்கு விடை காண இயலாது.

மசகு எண்ணெய் உழைத்துத் தேய்ந்து போவதில்லை, அழுக்கடைகிறது. என்ஜினுக்குள் அது சுழலுங்கால் புகைக்கரியும், உலோகத் துகளும், எரியாத பெட்ரோல் அல்லது டீசலும், ஈரமும் அதனுடன் கலக்கின்றன. உற்பத்தியின்போது சேர்த்த மருந்துச் சேர்மானங்கள் வலுவிழக்கின்றன. ஆயின் அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. கல்லொடு கலந்த பொன்னை உவமையாகக் கொண்டு உயிரின் இயல்பை விளக்குவது நம் சமய நூலோர் வழக்கம். அவ்வுவமையை எண்ணெய்க்கு நீட்டுவது மிகையாகலாம். எனினும் கலப்பு வேறு, கலக்கப்பட்ட பொருள் வேறு என்ற அடிப்படை இங்கும் பொருந்துகிறது.

நல்ல ஆலையில் கழிவெண்ணெயிலிருந்து முதலில் நீரையும் எரிபொருள் எச்சத்தையும் நீக்குகின்றனர். பின்னர்க் காற்று நீக்கிய கலத்தில் காய்ச்சி வடிக்கின்றனர். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பதை எட்டாம் வகுப்பு மாணவரும் அறிவர். ஆதலால் எண்ணெய் கருகாமல் ஆவியாகிறது, உலோகமும் கரியும் அடியில் தங்கிவிடுகின்றன. வடித்ததைக் களிமண்ணாலோ ஹைட்ரஜன் வாயுவாலோ செம்மைப்படுத்தி, புதிய சேர்மானங்களைச் சேர்த்தால் மீண்டும் தரமான மசகு எண்ணெய் கிடைக்கிறது. முற்காலத்தில் கந்தக அமிலத்தை ஊற்றி அழுக்கைப் பிரிக்கும் முறை பரவலாக இருந்தது. அம்முறையில் எண்ணெய் தெளிவடையும். ஆனால் கையாளவே அஞ்சத்தக்க அமிலக் கசடு மிஞ்சும். ஒன்றைத் தூய்மையாக்கி மற்றொன்றை நஞ்சாக்கும் அவ்வழியைத் தூய்மை என்று அழைப்பது பொருந்தாது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தரும் கணக்கு ஒன்றுண்டு. 42 காலன், அதாவது ஏறத்தாழ 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் மசகு எண்ணெயை, 1 காலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர் கழிவெண்ணெயே தந்துவிடும். அவ்வாறு கிடைப்பது ஏறத்தாழ 2.4 லிட்டர். கச்சா எண்ணெயின் மீதிப் பகுதி வீணாவதில்லை, பெட்ரோலும் டீசலுமாகப் பிரிகிறது என்பதை நினைவிற்கொண்டே இவ்வொப்பீட்டை ஏற்க வேண்டும். அங்ஙனம் ஏற்பினும், கழிவெண்ணெயைக் கொட்டுவது எத்துணைப் பெரிய வீண்செலவு என்பது விளங்கும். அதே முகமை, 1 காலன் கழிவெண்ணெய் 10 இலட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்றும் கூறுகிறது. ஆகவே மறுசுத்திகரிப்பு விரும்பத்தக்கதா என்பதில் ஐயமில்லை. ஐயமெல்லாம் அதனை விற்கும் முறையில்தான்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் முதல் மாதமே சொல்லித் தரும் விதி. ஆகவே பெண்கள் அனைவரும் அறிந்த தங்கத்திலிருந்து தொடங்குவோம். திருமணத்துக்கு வாங்கும் புதிய சங்கிலியின் பொன், அதற்கு முன் யாருடைய கழுத்தில் கிடந்தது? அடகுக் கடையில் மூழ்கிய தாலிக்கொடியாக இருந்ததோ, வறுமையில் விற்ற கம்மலாக இருந்ததோ, யாரே அறிவார்? பழைய பொன்னை உருக்கியே புதிய நகை செய்கிறார்கள் என்பது சிறுமிக்கும் தெரியும். இருந்தும் பயன்படுத்திய தங்கம் என்று எவரும் முகம் சுளிப்பதில்லை. விலையைக் குறைத்துக் கேட்பதுமில்லை. பிறர் உடுத்த சேலையை மங்கல நிகழ்ச்சிக்கு உடுத்தத் தயங்கும் குடும்பத்தாரும் பிறர் அணிந்த பொன்னை உருக்கி அணிவதற்குத் தயங்குவதில்லை.

தங்கம் உயர்ந்த பொருள், ஆகவே அதற்கு மாசு இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அவ்விடை நிறைவளிக்கவில்லை. தங்கத்துக்கு உரைகல் உண்டு என்பதே உண்மையான காரணம். தட்டார் உரைத்துப் பார்த்து மாற்று இவ்வளவு என்று கண்முன் சொல்லிவிடுவார். 2021 முதல் பல மாவட்டங்களில் ஹால்மார்க் முத்திரை கட்டாயமாக்கப்பட்டு, ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண்ணும் பொறிக்கப்படுகிறது. பொருளின் இன்றைய தரத்தை உறுதியாக அறியும் வழி இருக்குமானால், அதன் நேற்றைய வரலாறு நமக்குப் பொருட்டாவதில்லை.

எண்ணெய்க்கு வாங்குவோர் கையில் அத்தகைய உரைகல் இல்லை. விரலிடையே தேய்த்துப் பார்ப்பர்; முகர்ந்து பார்ப்பர்; வெயிலில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பர். மூன்றையும் ஏமாற்றலாம். வெளுக்கவும் வண்ணமேற்றவும் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அரைகுறையாக வடிகட்டிய எண்ணெய் உடனே தன் குணத்தைக் காட்டுவதுமில்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின்னரே என்ஜினின் உட்பகுதி தேயத் தொடங்கும். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் நாற்பது ரூபாயோ ஐம்பது ரூபாயோ மிச்சமென்று அளந்து விற்கும் எண்ணெயை வாங்கி ஊற்றுகிறார். ஆண்டு முடிவில் என்ஜினைப் பிரிக்க வட்டிக்குக் கடன் வாங்குகிறார். எண்ணெய் விற்றவரை அப்போது எங்கே தேடுவது, எவ்வாறு மெய்ப்பிப்பது? இங்கே ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. முறையாக மறுசுத்திகரித்த எண்ணெயும் 'ரீசைக்கிள் ஆயில்' எனப்படுகிறது; வெறுமனே வெளுத்த கழிவும் 'ரீசைக்கிள் ஆயில்' எனப்படுகிறது. போலி செய்வோரின் பழி நேர்மையாகச் செய்வோர்மீதும் விழுகிறது.

இச்சிக்கலை அமெரிக்கர் நமக்கு முன்பே எதிர்கொண்டனர். அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1964இல் ஒரு விதி செய்தது. பயன்படுத்திய எண்ணெயிலிருந்து செய்த மசகு எண்ணெயின் டின்மீது, அது முன்பு பயன்பட்டது என்பதை எழுத வேண்டும் என்பதே அவ்விதி. வாய்மையை வற்புறுத்தும் விதிதான். ஆனால் அச்சொல்லைப் படித்த வாடிக்கையாளர் தரம் எப்படி என்று கேட்கவில்லை; டின்னைத் திருப்பி வைத்துவிட்டனர். வரி மாற்றங்களும் வேறு காரணங்களும் சேர, மறுசுத்திகரிப்புத் தொழில் அங்கே சுருங்கியது. பின்னர் 1975இல் இயற்றிய எரிசக்திச் சட்டம் வேறொரு வழியைக் காட்டியது. புதிய எண்ணெய்க்கு நிகரானதா என்று சோதித்தறியும் முறையை அரசின் தர நிர்ணய நிலையம் வகுக்கட்டும் என்றது. 1980இல் வந்த சட்டம் பழைய முத்திரைக் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்கப் பெட்ரோலிய நிலையத்தின் சோதனைகளில் தேறிய மறுசுத்திகரிப்பு எண்ணெயைப் புதியதற்கு நிகரானது என்றே சொல்லி விற்கலாம் என்று 1995இல் வணிக ஆணையம் விதித்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1993இல், அரசு வண்டிகளுக்கு அத்தகைய எண்ணெயை வாங்குமாறு குடியரசுத் தலைவர் கிளிண்டன் ஆணையிட்டிருந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து இரண்டு விதமான பாடம் கற்கலாம். உண்மையைச் சொன்னதால் நல்ல தொழில் நலிந்தது, ஆகவே சொல்லாமலிருப்பதே மேல் என்பது ஒன்று. வணிகர் பலர் இதையே கற்பர். உண்மையில் பாதியை மட்டும் சொன்னதால் நலிந்தது என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதே சரியெனப் படுகிறது. 'முன்பு பயன்பட்டது' என்ற சொல் மெய்யே. ஆனால் கேட்போர் உள்ளத்தில் அது 'அழுக்கானது' என்ற பொய்யை விதைத்தது. பிறப்பை மட்டும் சொல்லித் தகுதியைச் சொல்லாமல் விட்டால் மனிதருக்கு எவ்வளவு தீங்கு நேரும் என்பதை நம் நாட்டில் விளக்க வேண்டியதில்லை. பிறப்பை மறைப்பது அதற்குத் தீர்வன்று. தகுதியையும் உடன் எழுதுவதே தீர்வு.

அங்கே சட்டம் அனுமதித்த மௌனத்தை இங்கே நாமும் கைக்கொள்ளலாமா? சோதனையும் முத்திரையும் ஏமாற்றமின்றி நடைபெறும் சந்தையில், தேறிய எண்ணெயைப் பற்றி மேலும் ஒன்றும் சொல்லாதிருத்தல் பெருங்குற்றம் ஆகாது. போலி மலிந்த சந்தையில் நிலைமை வேறு. நேர்மையானவரும் பிறப்பை மறைக்கிறார், போலி செய்பவரும் மறைக்கிறார் என்றால், வாங்குவோர் இருவரையும் பிரித்தறிவது எவ்வாறு? நேர்மையானவரின் மௌனம் போலி செய்பவருக்குப் போர்வையாகிறது. ஆகவே இங்கே சொல்லிவிடுவதே அவருக்குக் கடமை. நாளடைவில் அதுவே அவருக்குக் காப்பும் ஆகும் என்பது என் கருத்து.

நம் ஆன்றோர் இல்லறத்தாரின் வணிகத்தை எத்துணை நுணுக்கமாக நோக்கினர் என்பதை இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஒவ்வோர் அணுவிரதத்துக்கும் ஐந்து அதிசாரங்களை எண்ணிச் சொல்கிறது. வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் கூடலேகக் கிரியை ஒன்று. பொய்யான எழுத்தை உண்டாக்குதல் என்பது அதன் பொருள். பெயர்பெற்ற நிறுவனத்தின் பழைய டின்னில் கழிவெண்ணெயை அடைத்து விற்போர் செய்வது இதுவேயன்றோ? கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் இறுதியாக வருவது பிரதிரூபக வியவகாரம். ஒன்றைப் போலத் தோன்றும் வேறொன்றைக் கலந்தோ மாற்றியோ விற்றல். ஆக, ஒரே டின் இரண்டு விரதங்களைக் குலைக்கிறது.

போலிச்சரக்கை விற்பதைப் பொய்யின் பட்டியலில் வைக்காமல் களவின் பட்டியலில் வைத்தது என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது. வாங்குவோர் தாம் எண்ணிய பொருளுக்காகவே பணம் தந்தார். எண்ணாத பொருளுக்குத் தரவில்லை. அப்பணம் அவர் மனமுவந்து தந்தது ஆகாது. ஆகவே அது களவு. இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் நம் முதல் வினாவும் தெளிவடைகிறது. புதியதற்கு முற்றிலும் நிகரான மறுசுத்திகரிப்பு எண்ணெயைப் பிறப்புச் சொல்லாமல் விற்பவர் களவு செய்தவர் அல்லர். வாங்கியவர் பணத்துக்கேற்ற பயனைப் பெற்றுவிட்டார். எனினும் 'இது புதிதாக எடுத்ததா?' என்று வாங்குவோர் கேட்டபின் 'ஆம்' என்று தலையசைத்தால் வாய்மை குலைகிறது. கேளாதபோது வாய்திறவாதிருப்பதோ இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. அந்நிலையில் நெடுநாள் வாழும் வணிகர், கேட்கும் வாடிக்கையாளரை வெறுக்கத் தொடங்குவார்.

பெயர்ச்சீட்டின் பொய் சில்லறைக் கடையோடு நிற்பதன்று. 1990களில் மும்பையை அடுத்த நவசேவா துறைமுகத்தில் மசகு எண்ணெய் என்ற பெயரில் இறங்கிய பெட்டகங்கள் பல ஆண்டுகள் வழக்கில் கிடந்தன. அவற்றுள் 133 பெட்டகங்களில் இருந்தது தீங்கு பயக்கும் கழிவெண்ணெய் என முடிவு செய்த உச்ச நீதிமன்றம், அதனை இறக்குமதி செய்தோரின் செலவிலேயே எரித்தழிக்குமாறு 2005 சனவரி 5ஆம் நாள் ஆணையிட்டது. செல்வ நாட்டின் கழிவு, வறிய நாட்டின் சரக்காகப் பெயர் மாறி வந்த கதை அது.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். திருப்பூர்ச் சந்தையில் 'மறுசுழற்சி' என்ற அதே சொல்லுக்கு நேர்மாறான மதிப்பு இருப்பதைக் காணலாம். துணி வெட்டும்போது விழும் துண்டுகளை முன்பெல்லாம் 'பனியன் வேஸ்ட்' என்று கிலோக் கணக்கில் விற்பர். மெக்கானிக்குகள் எண்ணெய்க் கையைத் துடைக்க வாங்குவர். இன்றும் வாங்குகின்றனர். ஆயின் அத்துண்டுகளையே பிரித்துப் பஞ்சாக்கி மீண்டும் நூலாக நூற்கும் ஆலைகள் இப்பகுதியில் பெருகியுள்ளன. அந்நூலால் நெய்த ஆடையில் மறுசுழற்சி நூல் என்ற சீட்டைத் தைத்து அனுப்பச் சொல்லி வெளிநாட்டார் விரும்பிக் கேட்கின்றனர். உடலில் ஒட்டிக் கிடக்கும் ஆடைக்கு அச்சொல் பெருமை. இரும்புக்குள் ஓடும் எண்ணெய்க்கு அதுவே இழுக்கு! இவ்விந்தையை என்னென்பது?

சிறிது ஆராய்ந்தால் விந்தை ஒன்றுமில்லை. நூலின் சீட்டுக்குப் பின்னால் சான்றிதழ் உண்டு. துண்டு எங்கே வாங்கியது, எந்த ஆலையில் நூற்றது, எவரிடம் கைமாறியது என்று ஒவ்வொரு படியிலும் ஆவணம் கேட்கின்றனர். இங்கும் உரைகல் இருக்கிறது. ஆகவே பழமை பழியாகவில்லை. கூடவே மற்றொன்றையும் சொல்லாமல் விடுவது முறையன்று. மறுசுழற்சி என்ற சொல்லுக்கு விலை கூடினால், புதிய நூலையே மறுசுழற்சி நூல் என்று சொல்லி விற்கும் ஆசையும் உடன் எழும். எண்ணெயில் பழையதைப் புதியது என்பர். நூலில் புதியதைப் பழையது என்பர். பொய்க்குப் பழமையும் இல்லை, புதுமையும் இல்லை. விலை எப்பக்கம் கூடுகிறதோ அப்பக்கம் சாயும்.

விற்போரைப் பற்றி இவ்வளவு சொன்னேன். வாங்குவோர் மட்டும் தூயவரா? தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினையாகவே கொள்வது நம் மரபு. என் வண்டியிலிருந்து இறக்கிய எண்ணெயை நான் சாக்கடையில் ஊற்றவில்லை. போலி டின்னில் அடைக்கவுமில்லை. ஆனால் அது எங்கே போகிறது என்று கேளாமல், அதற்கான சில ரூபாயைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தால், மூன்றாவது வகையிலிருந்து நான் தப்ப முடியுமா? டின்னின் நிலையும் அவ்வாறே. எண்ணெயை ஊற்றியவுடன் காலி டின்னையும் மூடியையும் உடைத்தோ துளையிட்டோ போடுமாறு சொல்வார்கள். நம்மில் பலர் அதனை அப்படியே பட்டறையில் விட்டு வருகிறோம். முழு டின்னும் மூடியும் பழைய இரும்புக் கடை வழியாகப் போலி செய்வோரை அடைந்தால், கூடலேகத்துக்கு ஏடு கொடுத்தவர்கள் நாமே.

மண்ணில் ஊற்றிய எண்ணெயால் மண்ணுயிர்களும் நீருயிர்களும் மாய்வதை நம் வாசகர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. மனிதர்க்கு வரும் கேட்டைச் சிறிது சொல்கிறேன். பஞ்சாலையோடு தொடர்புடைய வரலாறு அது. இங்கிலாந்தின் லங்காஷயர் நூற்பாலைகளில் இயந்திரக் கதிர்களுக்கு இட்ட கனிம எண்ணெய் தெறித்துத் தொழிலாளரின் ஆடையை நனைத்துக்கொண்டே இருந்தது. பல்லாண்டு அங்கே உழைத்தோருக்குத் தோலில் புற்றுநோய் தோன்றுவதை 1922இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் வெளியிட்டனர். நன்கு தூய்மை செய்த வெள்ளை எண்ணெயையே அவ்வியந்திரங்களுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று சட்ட விதி வந்தது 1953இல்தான். உண்மை தெரிந்தபின் முப்பத்தோராண்டு! சுத்திகரிக்காத, அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்களை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என உறுதிப்பட்டவற்றின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்துள்ளது. நம் பட்டறைகளில் முழங்கைவரை கழிவெண்ணெயில் தோய்ந்து நிற்கும் இளைஞர் எவருக்கும் இதனைச் சொன்னவர் உண்டா? கையுறை வாங்கிக் கொடுத்தவர் உண்டா?

கழிவைக் கண்மறைவாக வெளியேற்றினால் என்னாகும் என்பதை நொய்யல் கரையில் வாழும் நாங்கள் வேறெவரையும்விட நன்கறிவோம். பாசனத்துக்காக 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. 2011 சனவரி 28ஆம் நாள் உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாய ஆலைகளை மூட ஆணையிட்ட பிறகே ஊர் விழித்தது. சாயக்கழிவு நிறத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்தது. பட்டறைக்கு ஒன்றாய், வீட்டுக்கு ஒன்றாய்ச் சிந்தும் எண்ணெயோ அவ்வாறு காட்டிக்கொடுப்பதில்லை.

அரசு இப்போது ஒரு நல்ல முயற்சியைத் தொடங்கியுள்ளது. கழிவெண்ணெயைத் தீங்கு பயக்கும் கழிவாக வகைப்படுத்தும் விதிகள் நெடுநாளாகவே உண்டு. 2023 செப்டம்பரில் அவற்றைத் திருத்தி, மசகு எண்ணெயை உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோருமே அதன் மறுசுழற்சிக்கும் பொறுப்பு என்று விதித்தனர். 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. முதலாண்டில் 5 விழுக்காடு என்று தொடங்கிப் படிப்படியாக 50 விழுக்காடு வரை உயரும் இலக்கு அது. விற்றவரே திரும்பப் பெறுவதற்கு வழி செய்ய வேண்டும் என்ற கருத்து அறத்தொடு பொருந்தியது. எனினும் பட்டறையின் பேரலைத் தேடி ஒப்புதல் பெற்ற சேகரிப்பாளர் முதலில் வருகிறாரா, கூடுதலாக ஐந்து ரூபாய் தரும் மற்றவர் முதலில் வருகிறாரா என்பதைப் பொறுத்தே அது வெல்லும். மெக்கானிக்கைக் குறை சொல்வது எளிது. மாத வாடகைக்கே திண்டாடும் அவருக்கு அந்த ஐந்து ரூபாய் சிறியதன்று. அதனை விட்டுக்கொடுக்கச் சொல்லும் நாம், கூலியில் ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுக்க அணியமாக இருக்கிறோமா?

ஆசிரியர் பயிற்சி முடித்தும் வேலை கிட்டாமல் எண்ணெய்க் கடை வைத்த என் பழைய மாணவர் ஒருவர் உள்ளார். முறையான ஆலையில் மறுசுத்திகரித்த எண்ணெயை வாங்கி, டின்னில் அச்சிட்டபடியே முன்வரிசையில் அடுக்கியிருந்தார். விலையும் குறைவு. "கையில் எடுக்கறாங்க டீச்சர். எழுதியிருக்கறதைப் படிச்சதும் திருப்பி வெச்சிடறாங்க. சொல்லாம வித்திருந்தா இந்நேரம் தீர்ந்திருக்கும்" என்றார். அப்படி விற்கலாமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் கூடாதென்று சொல்லவில்லை. சோதனைச் சான்று ஆலையிடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன். தொகுதி எண்ணுடன் கூடிய சான்றை வரவழைத்து, டின்களுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தார். அளந்து விற்கும் எண்ணெயையும் வாடிக்கையாளர் கண்முன் முத்திரை உடைத்த பேரலிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறார். சான்றை நின்று படிப்பவர் இதுவரை சிலரே. சரக்கு வண்டிகள் வைத்திருக்கும் ஒருவர் மட்டும் அதிலுள்ள எண்களைச் சீட்டில் குறித்துக்கொண்டு போய், மறுவாரம் வந்து ஒரு வண்டிக்கு மட்டும் வாங்கிச் சென்றாராம். மற்ற வண்டிகளுக்கு அடுத்த முறை பார்க்கலாம் என்றாராம்.